இருமிய ரொட்டி

மலைச்சமவெளியில் உள்ள சல்லாபட்டாவில் நிக்கனோரா சுட்ட ரொட்டிப் பிள்ளைகளில் ஒன்று, அந்த வருடம் மண் அடுப்பிலிருந்து வெளியே எடுத்ததும் இருமியது. மாவு சரியாக வேகவில்லை போலும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். சகல புனிதர் திருநாளுக்கு முந்தின நாள் அது. செத்தவர்கள் இறங்கி வர ஏணி ரொட்டி, அவர்கள் மூட்டையைச் சுமக்கக் குதிரை ரொட்டி, ஒவ்வோர் ஆவிக்கும் சுண்ணாம்பு முகம் பதித்த ஒரு பிள்ளை ரொட்டி என்று வீட்டார் எல்லோரும் கூடி இனிப்பு மாவைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ரொட்டி மறுபடியும் இருமியது. நெஞ்சைப் பிராண்டிக்கொண்டு கிளம்பிக் கடைசியில் சீட்டியாக இழுக்கும் இருமல், சுரங்கத்துத் தூசி குடித்தவனின் இருமல். நிக்கனோரா தட்டைக் கீழே வைத்தாள். அவள் புருஷன் கசிமிரோ அப்படித்தான் இருமுவான்.

சிலி நாட்டுச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவனிடமிருந்து பல வருடங்களாகச் சேதியே இல்லை. செத்திருந்தால் அவனுக்கும் ரொட்டி வைக்க வேண்டும்; உயிரோடிருப்பவனுக்கு வைத்தால் சாவைக் கூப்பிட்டதாகிவிடும். ஆகவே ஒவ்வொரு திருநாளுக்கும் பெயர் சொல்லாமல் ஒரு பிள்ளையைக் கூடுதலாகப் பிடித்து, சுட்டதும் தானே தின்றுவிடுவாள். இந்த வருடம் அப்படித் தப்பிக்க வழியில்லை. லாரி ஓட்டும் இலாரியோன் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தான். தான் விதவையா இல்லையா என்றே தெரியாதவள் என்ன பதில் சொல்வாள்?

"ஆவி வந்து மாவுக்குள்ள பூந்துக்கிச்சு. என் தம்பி போயிட்டான்டி!" என்று நாத்தனார் சபினா மாரில் அடித்துக்கொண்டாள்.

"செத்தவன் எங்கயாச்சும் இருமுவானா மதினி? மூச்சு இருந்தாத்தானே இருமல்?"

சபினா அழுகையை நிறுத்தி யோசித்தாள். "அதுவும் சரிதான்," என்றாள். பிறகு எதற்கென்று தெரியாமலே மறுபடி அழுதாள்.

நிக்கனோரா ரொட்டியின் முகத்தருகே குனிந்தாள். "செத்துட்டியா?" இருமியது. "உசுரோட இருக்கியா?" அதே இருமல். "திரும்பி வருவியா மாட்டியா, அதையாச்சும் சொல்லித் தொலை." அதற்கு இருமலும் வரவில்லை.

செத்தவர்களுக்குப் படையல் வைக்கும் மேசையில் அதை வைக்கவும் அவளுக்கு மனமில்லை, ஒளித்துவைக்கவும் மனமில்லை. மேசைக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு முக்காலியில் வைத்தாள். ஜெபம் பாட வந்தவர்கள் இருமலுக்கு இடம் விட்டுவிட்டுப் பாடினார்கள். மறுநாள் ரொட்டிகளைப் பங்கிட்டபோது அதை மட்டும் யாரும் கேட்கவில்லை. அப்போது இலாரியோன் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து முக்காலியைப் பார்த்தான்.

"இவரு சம்மதம் வேணுமா?"

"கேட்டுப் பாத்துட்டேன். அந்தாளுக்கே தன் நெலம தெரியல, எனக்கு எங்கேருந்து தெரியும்?" நிக்கனோரா கையிலிருந்த ரொட்டித் தூளைத் தட்டிவிட்டாள். "கார்னிவல் திருவிழா கழியட்டும், கட்டிக்கலாம்."

கட்டிக்கொண்டார்கள். ரொட்டி காயவும் இல்லை, பூசணம் பிடிக்கவும் இல்லை. குளிர்காலத்தில் இருமல் கூடும். நிக்கனோரா கம்பளித் துணி போர்த்தி, யூகலிப்டஸ் இலை போட்ட வெந்நீரைப் பக்கத்தில் வைப்பாள். அவளுக்கும் இலாரியோனுக்கும் பிறந்த பெண் அந்தச் சத்தம் கேட்டால்தான் தூங்கும். சபினா ஞாயிறுதோறும் வந்து தம்பியிடம் ஊர்க்கதை பேசுவாள். கறுப்பு உடுத்துவதா வேண்டாமா என்பதை மட்டும் அவளால் முடிவு செய்ய முடியவில்லை. இலாரியோன் லாரியை எடுக்கப் போகும்போதெல்லாம் முக்காலியின் பக்கம் திரும்பி, "போயிட்டு வரேன் அண்ணே, வீட்டப் பாத்துக்கங்க," என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவான்.