வேலாயியின் வலது கை

அந்த ஆஸ்பத்திரியில் வேலாயிக்குப் பிடித்தது கட்டில் ஒன்றுதான். பிறந்ததிலிருந்து பகலில் படுத்திருக்க யாரும் அவளை விட்டதில்லை. இங்கே, கண்டிப் பட்டணத்தில், அவள் எழுந்து உட்கார்ந்தால் வெள்ளை உடுப்பு நர்ஸ் ஓடிவந்து "படு, படு" என்று அதட்டினாள். இப்படியும் ஓர் அதட்டல் உலகத்தில் இருக்கிறதா என்று வேலாயி அசந்துபோனாள். ஆனால் அந்தச் சுகத்தை அனுபவிக்க விடாமல் வலது கை விண் விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது.

நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள் அவள். அடுப்புக்கு மிலாறு விறகு பொறுக்கப் போனபோது, கவ்வாத்து வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி ஒன்று உள்ளங்கையில் ஏறிவிட்டது. கை வீங்கிக் கூடை தூக்க முடியாமல் போன பிறகு, பெரிய கங்காணி அவளை ரயிலேற்றிக் கொண்டுவந்து சேர்த்தார். பேர் என்ன, வயசு என்ன, எங்கே வலிக்கிறது என்று ஆஸ்பத்திரியில் கேட்டதற்கெல்லாம் கங்காணியே பதில் சொன்னார். வயதில் நாலைந்தைக் கூட்டியே சொன்னார். வேலாயி வாய் திறக்கவில்லை. திறக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை.

"ஞாயித்துக்கெழம வந்து பாக்குறேன். தோட்டத்துப் பேரக் கெடுக்காம இரு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

டாக்டர் சுந்தரலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷர், ஆனால் விடிகிறபோதே களைத்திருக்கிற மனுஷர். வார்டு கொள்ளாத சனம். கட்டிலுக்கு அடியிலும் பாய் விரித்து ஆள் கிடந்தது. ஒவ்வொரு காலையும் வேலாயியின் கட்டிலண்டை நின்று கேட்பார்.

"கை நோகுதோ?"

"இல்லீங்க ஐயா. சொகந்தாங்க."

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார்.

இந்தச் சொகத்தை அவள் தோட்டத்தில் கற்றுக்கொண்டாள். காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுக்கும்போது, உடம்புக்கு முடியவில்லை என்று யாராவது சொன்னால், தோட்டத்து மருந்துக்காரர் எல்லார் முன்னாலும் நிற்க வைத்து வாயில் விளக்கெண்ணெய் ஊற்றுவார். பொய் சொல்கிறவனும் குடிக்க வேண்டும், காய்ச்சலில் நடுங்குகிறவனும் குடிக்க வேண்டும். குடித்துவிட்டு இரண்டு பேரும் மலையேற வேண்டும். வேலாயி ஒரு தடவை குடித்தாள். நடுமலையில் சேலையிலேயே கழிந்துபோய் நின்றாள். நிரையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு, செத்துக் கிடந்தாலும் அவள் வாயில் வருவது சொகம்தான்.

பக்கத்துக் கட்டில் ஸுலைஹா நேர்மாறு. பிலிமத்தலாவையில் கடை வைத்திருக்கும் றவூபின் பெண்சாதி. வயிற்றில் கட்டி அறுத்துக் கிடந்தாள். கட்டியை அறுத்த டாக்டர் வாயைத் தொடவில்லை. பாண் கல்லு, கஞ்சி வெறும் தண்ணி, தையல் போட்ட இடம் இழுக்குது, நுளம்பு கடிச்சுப் பிய்க்குது என்று ஓயமாட்டாள். இவளுக்கு எப்போது விளக்கெண்ணெய் வரப்போகிறது என்று வேலாயி பயந்து காத்திருந்தாள். விளக்கெண்ணெய் வரவில்லை. புது நுளம்புவலை வந்தது.

வந்த அன்று குச்சியை எடுத்துக் கட்டுப் போட்ட வேலாயியின் காயம் மேலே வாய் மூடிக்கொண்டு உள்ளே சீழ் வைத்தது. கட்டு மாற்ற நர்ஸ் வந்தால், "முந்தியே கட்டிட்டாங்கம்மா" என்பாள். வார்டு முழுவதையும் ஒருத்தியாகப் பார்க்கிற நர்ஸுக்கு அது போதும். நல்லதாய்ப் போயிற்று என்று போய்விடுவாள். வெள்ளிக்கிழமை காலையில் ஸுலைஹா மூக்கைச் சுளித்தாள்.

"புள்ள, அந்தக் கையக் காட்டு."

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாமயா இப்பிடி நாறுது? டொக்டர் வந்தா சொல்லு."

"வேணாங்கக்கா. சொன்னா வெட்டிருவாங்க. கை போனா எப்பிடிக் கொழுந்தெடுக்கிறது? பத்துச்சீட்டக் குடுத்து தோட்டத்த விட்டே வெரட்டிருவாங்க. சின்னப் புள்ள இருக்கு, எங்க போறது?"

"டொக்டர் என்ன அவுலியாவா, பாத்த ஒடன தெரிஞ்சிகொள்ள? வருத்தக்காரி நாமதான் வாயத் தொறக்கணும்."

டாக்டர் வந்தார். "கை நோகுதோ?"

"சொகந்தாங்க ஐயா."

"அப்ப நாளைக்கு வீட்டை போகலாம்."

அவர் திரும்புவதற்குள் ஸுலைஹா வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "டொக்டர்! அவக்கு கை அழுகி ஈக்கிது. கட்ட அவுத்துப் பாருங்க!"

கட்டு அவிழ்ந்தது. வார்டில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டாக்டருக்கு முதலில் கோபம்தான் வந்தது.

"ஒவ்வொரு நாளும் கேட்டனான். ஏன் சொல்லேல்லை?"

வேலாயி கூரையைப் பார்த்தாள். அவர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் தரையைப் பார்த்தாள். யாரிடம் கோபிப்பது என்று தெரியாமல் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நானும் கேட்டதோட விட்டிட்டன்" என்றார் மெதுவாக. பிறகு, "சின்ன விரலும் பக்கத்து விரலும் போகும். இண்டைக்கே வெட்டினால் மற்ற விரலுகளைக் காப்பாத்தலாம். பிந்தினால் மணிக்கட்டோட போகும்."

டாக்டரோடு கூட வந்திருந்த பெரிய நர்ஸ் சந்திரிகா, சிங்களத்தி, தனக்குத் தெரிந்த தமிழில் குறுக்கிட்டாள். "தோட்டத்து ஆள், டொக்டர். கங்காணி வந்து சரி சொல்ல வேணும். ஞாயித்துக்கிழமைதான் வரும். இல்லாட்டி பிறகு கரைச்சல்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். கரைச்சல் என்ற சொல்லைக் கேட்டே இன்னும் கொஞ்சம் களைத்துப்போனார். "தந்தி அடிச்சால் நாளைக்கு வருவாரோ?"

"தெரியாது, டொக்டர்."

இரண்டு பேரும் வேலாயியின் தலைக்கு மேலாகவே பேசிக்கொண்டார்கள். அவளும் பழக்கத்தில் வாசலைத்தான் பார்த்தாள், கங்காணி வந்து பதில் சொல்வார் என்று. வாசலில் யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து சரி சொல்கிறபோது கை மணிக்கட்டோடு போயிருக்கும். அந்த நினைப்பில் அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எல்லாவற்றையும் விட, சொகமாயிருந்து சொகமாயிருந்து அவள் அலுத்துப்போயிருந்தாள்.

"வலிக்குதுங்க" என்றாள்.

டாக்டர் திரும்பினார்.

"வந்த நாள்லருந்தே வலிக்குதுங்க. அக்குள் வரைக்கும் ஏறுது. பொட்டுத் தூக்கமில்ல. வெளக்கெண்ண ஊத்துவீங்கன்னுதான் சொல்லல."

"விளக்கெண்ணெயோ?" என்றார் டாக்டர். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"கங்காணிக்கு வலிக்கலீங்களே ஐயா, அவர எதுக்குக் கேக்குறீங்க? இது என் கை. வெட்டுங்க. கொழுந்து கிள்ள வெரல் ரெண்ட மட்டும் விட்டுருங்க."

டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"வடிவா யோசிச்சுத்தானே சொல்லுறாய், பிள்ளை?"

"ஆமாங்க."

சந்திரிகா முனகிக்கொண்டே சம்மதக் கடதாசியும் மைப்பெட்டியும் கொண்டுவந்தாள். இதற்கு முன் வேலாயி கைநாட்டு வைத்தபோதெல்லாம் கங்காணிதான் அவள் பெருவிரலைப் பிடித்து அழுத்துவார். பழக்கத்தில் சந்திரிகாவும் கையை நீட்டினாள். வேலாயி தன் இடது கையை இழுத்துக்கொண்டு, தானே மையில் தொட்டு, தானே அழுத்தினாள்.