ஜிக்கைக் கழற்றாத வருடம்

பாப்பனங்கோட்டுப் பட்டறையில் ஆர்டர் முடியும் நாளில் லிங்கம் எப்போதும் செய்வது ஒன்றுதான். ஜிக்கைக் கழற்றி, எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி வைத்துவிட்டுக் குடும்பத்தோடு சொந்த ஊரான நாங்குநேரிக்குப் பஸ் ஏறிவிடுவான். ஜிக் என்பது அலுமினியத் துண்டை அசையாமல் பிடித்துக்கொள்ளும் இரும்புச் சட்டம். அதில் மாட்டி வெட்டிய தாங்கிகள்தான் ராணுவச் சரக்கு விமானத்தின் கதவுக்குப் போகும். அரசு வருடத்துக்குச் சில விமானங்கள்தான் கேட்கும். மறுபடி கேட்கும்வரை பட்டறையில் அவனுக்கு வேலையில்லை. இந்த முறை மகள் ஸ்ரீப்ரியா பத்தாம் வகுப்பு. பள்ளியை நடுவில் விட வேண்டுமே என்று புலம்பியபடி, கரமனை வாடகை வீட்டில் மனைவி பேச்சி பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

லிங்கம் ஒரு போல்ட்டைக் கழற்றி, அடுத்ததில் ஸ்பேனரை மாட்டியபோது முதலாளி ஜெஸ்லின் ஓடிவந்தாள்.

"அண்ணே, தொடாதீங்க! கழத்த யாரு சொன்னா?"

"ஆர்டர் முடிஞ்சிட்டுல்லா மேடம்?"

"இப்பத்தான் ஃபோன் வந்தது. இனி அஞ்சு வருஷத்துக்கும் சேர்த்து ஒரே கரார், ஒரே ஒப்பந்தம்!"

"அஞ்சு வருசத்து விமானத்த இப்பமே வாங்கி எங்கன நிறுத்துவாவ?"

ஜெஸ்லின் சிரித்துவிட்டாள். "விமானம் வருஷா வருஷம்தான் போவும். வாங்குவோம்ங்கிற உறுதி மட்டும் இப்பவே. நடுவுல நிறுத்தினா சர்க்கார் நஷ்டஈடு தரணும். அந்தத் தைரியத்துல நாம அலுமினியத்தை மொத்தமா எடுக்கலாம். ஜிக்கை மறுபடி மாட்டி, சரியாவுற வரைக்கும் பீஸைக் குப்பையில போட வேண்டாம். நம்ம செலவு குறையும், அவங்களுக்கும் விலை குறையும். மனசிலாச்சா?"

"அப்ப நான்?"

"நீங்க இல்லாம ஜிக் தனியா ஓடுமா?"

லிங்கத்தின் கை கழற்றிய போல்ட்டிலேயே நின்றது. ஜிக் மயிரிழை நகர்ந்திருந்தாலும் எல்லா அளவும் தப்பும். அதை இடத்தில் நிறுத்தும் இரண்டு முளைகளை அவன் இன்னும் உருவவில்லை. நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜை ஜிக்கின் விளிம்போடு ஓட்டினான். ஜெஸ்லின் குனிந்து முள்ளையே பார்த்தாள். முள் அசையவில்லை.

"கர்த்தாவே, ஸ்தோத்திரம்!" என்றாள் ஜெஸ்லின்.

லிங்கம் போல்ட்டை மறுபடி மாட்டி இறுக்கி, அதன் தலையிலிருந்து ஜிக்வரை சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தான். போல்ட் சற்றுத் திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிவிடும். ஜிக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பேச்சியை ஃபோனில் கூப்பிட்டுச் சொன்னான்.

"இனி ஊருக்குப் போவாண்டாமா?"

"அஞ்சு வருசத்துக்குப் போவாண்டாம்."

 பேச்சி ஃபோனை வைக்காமலே மகளைக் கூப்பிட்டது கேட்டது. "ஏட்டி ப்ரியா, மூட்டைய அவுத்துக் குக்கரை வெளிய எடு. அப்பா இன்னைக்குப் பசியோட வருவாவ."