போத்தனூர் பல்பும் உடுமலை சென்சாரும்

சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், மனிதகுலம் சுவிட்சைத் தட்டி விளக்குப் போட்டுக்கொண்டிருந்த இருண்ட காலம், சென்ற ஆவணி மாதம் கோவை சரவணம்பட்டியில் முடிவுக்கு வந்தது. முடித்துவைத்தவர் பம்ப் மோட்டார் அதிபர் கிருபாசங்கர். புதுமனை புகுவிழாவில் அவரே மைக்கைப் பிடித்து அறிவித்தார்: "இந்த ஊட்ல ஒரு செவுத்துலயும் சுவிட்சு இல்லீங்க. ஊடு நம்மளைப் புரிஞ்சு நடந்துக்குமுங்க." கைதட்டினார்கள். பந்தியில் இடம் பிடிக்க வேண்டியவர்கள் நடந்துகொண்டே தட்டினார்கள்.

முன்வரிசையில் வாக்கரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார் அவருடைய அப்பா சுப்பண்ணன். இடுப்பெலும்பு முறிந்து தேறியவர். ஆனைமலைத் தோப்பை விட்டு வரமாட்டேன் என்று நின்றவரை மகன் ஒரே வாக்கில் சாய்த்திருந்தார்: "பாத்ரூம் போறதுக்கு நீங்க யாரையும் கூப்புட வேண்டீதில்லீங்கப்பா. எந்திரிச்சுப் போனா லைட்டு தானா எரியும்." மருமகளைக் கூப்பிட்டு, அவள் லைட்டைப் போட்டுவிட்டு வெளியே காத்திருக்க ஒன்றுக்குப் போவது ஒன்றுக்குத்தான் அவர் பயந்தார். அந்த வாக்கை நம்பித்தான் வந்தார்.

வீடு புரிந்து நடந்துகொள்ளத் தேவையானவை எல்லாம் சீராக வந்தவை. சிக்கலே அதுதான். பல்புகளை, மனைவி லோகப்பிரியாவின் அண்ணன், போத்தனூர்க்காரர், தட்டு வரிசையில் தேங்காய் பழத்துக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தார். ஆள் நடமாட்டம் பார்க்கும் சென்சார்கள், கிருபாசங்கரின் தங்கை கணவர், உடுமலைப்பேட்டை மாப்பிள்ளை செய்த சீர். பல்பு ஒரு கம்பெனி, சென்சார் வேறு கம்பெனி. சென்சார் சுப்பண்ணனைப் பார்த்தது; பார்த்ததைத் தன் ஆப்பிடம் சொன்னது. பல்போ தன் ஆப்பைத் தவிர வேறு யார் சொன்னாலும் கேட்காது. சுப்பண்ணன் இருட்டில் நின்றார்.

கிருபாசங்கர் இரண்டு கம்பெனிக்கும் ஃபோன் போட்டார். எங்கள் பொருளில் குறையில்லை, மற்றதில்தான் என்று இரண்டும் ஒரே குரலில் சொல்லின. அவற்றின் ஒற்றுமை அதோடு சரி.

டவுன்ஹாலில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் ஷாஹுல் வரவழைக்கப்பட்டார்.

"ஏனுங்ணா, ரெண்டுல ஒண்ணைக் கழட்டிப்போட்டு ஒரே கம்பெனியா மாட்டிக்கலாமுங்க."

"கழட்டறதா? யாரோடத பாய்?"

காபியோடு வந்த லோகப்பிரியா முந்திக்கொண்டாள். "எங்கண்ணன் சீரைக் கழட்டிப்போட்டு, தீவாளி நோம்பிக்கு அவரு வாரப்ப மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது? உங்க தங்கச்சி ஊட்டுதக் கழட்டுங்க."

"கழட்டுனா மாப்ள இந்த வாசப்படிய மிதிப்பாரா? போன தடவையே சென்சாருக்கு முன்னால நின்னு கைய ஆட்டி ஆட்டிப் பாத்துட்டுப் போனாரு."

ஷாஹுல் காபியைக் குடித்து முடிக்கும்வரை இரண்டு குடும்பத்து மானமும் சுவரில் ஒட்டியபடியே இருந்தது.

"செரிங்ணா, நடுவுல ஒரு பொட்டி வெக்கறனுங்க. ரெண்டும் அது வழியா பேசிக்கும்."

பேசிக்கொண்டன. சுப்பண்ணன் பாத்ரூமுக்குள் நுழைந்தார், விளக்கு எரிந்தது. உட்கார்ந்தார். வயதானவர், கொஞ்சம் நேரமாகும். அசையாமல் உட்கார்ந்திருப்பவரை ஆளென்று சென்சார் மதிக்கவில்லை, விளக்கு அணைந்தது. தோப்பு முழுக்க ஆட்களை வேலை வாங்கிய கைகள் இரண்டையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினார். எரிந்தது.

"எரியுதுங்களாப்பா?" வெளியிலிருந்து மகன் பெருமையாகக் கேட்டார்.

"ஆட்டுனா எரியுது கண்ணு."

அந்த ராஜபோகமும் நீடிக்கவில்லை. பல்புக் கம்பெனி தன் ஆப்பை அப்டேட் செய்தது. நடுப்பெட்டி அதற்கு அந்நியமாகிவிட்டது. ஷாஹுல் வந்து நெடுநேரம் மல்லுக்கட்டிவிட்டு, அந்தக் கம்பெனி இனி வெளிப்பெட்டி எதையும் சேர்க்காதாம் என்றார். "பேசாம பாத்ரூம் லைட்ட எந்நேரமும் எரிய உட்ருங்ணா."

"எந்நேரமும் எரிஞ்சா அப்புறம் அதென்ன பாய் ஸ்மார்ட்டு?"

கட்டிலிலிருந்து சுப்பண்ணன் மெதுவாகக் கேட்டார். "கண்ணு, கைக்கு எட்டறாப்ல ஒரு சுவிட்சு போட்றலாமா?"

"மைக்குல சொல்லிப்போட்டனுங்கப்பா. அடுத்த மாசம் எங்க மொதலாளிக கிளப்புல இருந்து ஊட்டைப் பாக்கறதுக்குன்னே வாராங்க. செவுத்துல சுவிட்சு இருந்தா என்ன நெனைப்பாங்க?"

"அதுஞ் செரிதான்."

"நீங்க கூப்புடுங்க மாமா, நான் ஃபோன்ல போட்டுடறனுங்க. இதுல என்னங்க கூச்சம்?" என்றாள் லோகப்பிரியா.

"செரி அம்மணி."

கிளப்பிலிருந்து வந்தார்கள். வழவழவென்ற சுவர்களைத் தடவிப் பார்த்து வியந்தார்கள். அப்பா இப்போது யாரையும் கூப்பிடுவதே இல்லை என்று கிருபாசங்கர் சொன்னார். அது உண்மை.

பொழுது சாய்ந்த பிறகு சுப்பண்ணன் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்.