ஞாயித்துக்கிழமை சார்

"ஞாயித்துக்கிழமையாவது வீட்ல இருக்கக் கூடாதா?" என்று அவள் கேட்டிருந்தாள்.

"நானா மாட்டேங்கிறேன், டாக்டரம்மா? ஆலைக்கு லீவு விட்டாத்தானே லிப்டைக் கழட்ட முடியும்? சனிக்கிழமை கழட்டினதை ஞாயித்துக்கிழமை பூட்டணும். பாதியில விட்டுட்டு வந்தா முதலாளி படியேறிப் போய் மூச்சு வாங்கிக்கிட்டே என்னைத் திட்டுவாரு."

"அப்ப உங்க முதுகு வலி?"

"அது என் கூடப் பிறந்தது. விடு."

அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அதனால்தான் வீட்டில் டாக்டரம்மா. அன்றைக்கு மனசு கேட்காமல் வலிக்குத் தடவும் களிம்பு ஒன்றை லிப்ட் மெக்கானிக்கான கணவனின் பையில் வைத்து அனுப்பினாள். அதன்பின் மாதத்தில் இரண்டு வாரக்கடைசியாவது அவன் பை தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். ஞாயிறு மாலை திரும்பி வரும்போது முகம் கழுவித் துடைத்த மாதிரி தெளிவாக இருக்கும். சில பேருக்கு வேலை செய்தால்தான் களை வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

அவளுக்குக் களை வர வழியில்லை. வீட்டில் இரட்டைப் பெண்கள். சில நிமிடங்கள் முந்திக்கொண்ட பாவத்துக்கு ஒருத்தி பெரியவள், மற்றவள் சின்னவள். வாரமெல்லாம் கடையில் நின்ற கால்கள் ஞாயிற்றுக்கிழமை இவர்கள் பின்னால் ஓடும். ஒருத்தியைக் குளிப்பாட்டினால் மற்றவள் மாவு டப்பாவில் தலைகீழாக இருப்பாள்.

கணவனிடம் அவளுக்கு ஒன்று கேட்க இருந்தது. பெரிய வரம் ஒன்றும் இல்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாருக்கும் ஊட்டாமல், யார் மூக்கையும் துடைக்காமல், கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக் கிடக்க வேண்டும். ஆனால் லீவு நாளிலும் ஸ்பானர் பிடிக்கிற மனிதனிடம் இதை எந்த வாயால் கேட்பது? தொண்டை வரை வந்ததை ஒவ்வொரு முறையும் விழுங்கிவிடுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் அவனே ஒருநாள், "வா, எல்லாரும் ரெண்டு நாள் சுத்திட்டு வரலாம்" என்றான். மலையா, கடலா என்று அவள் கனவு கண்டுகொண்டிருக்க, கார் வந்து நின்றது புறநகரில், ஒரு டைல்ஸ் கிடங்குக்கும் கார் ஷோரூமுக்கும் நடுவில் இருந்த ஹோட்டலில். வேலை விஷயமாக வருகிறவர்கள் தங்கும் ஹோட்டல். 'குழாய் விற்பனையாளர்களை வரவேற்கிறோம்' என்ற பலகையை வரவேற்பறையிலிருந்து எடுக்க மறந்திருந்தார்கள். குழாய்க்காரர்கள் வெள்ளிக்கிழமையே ஊருக்குப் போய்விட்டார்கள். சனி, ஞாயிறில் அந்த இடம் பரீட்சை முடிந்த பள்ளிக்கூடம் மாதிரி வெறிச்சோடிக் கிடந்தது.

வாசல் காவலாளி விறைப்பாக சல்யூட் அடித்தார். "வாங்க, ஞாயித்துக்கிழமை சார்! இந்தத் தடவை குடும்பத்தோடயா?"

"இன்னிக்கு சனிக்கிழமைல்ல?" என்று அவள் சிரித்தாள்.

"அந்தாளு வேற யாரோன்னு நினைச்சுட்டாரு" என்று அவன் பெட்டிகளை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தான்.

அறையில் அகலமான எழுதும் மேசை, இஸ்திரிப் பலகை, சுற்றுகிற நாற்காலி. ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம். பெண்கள் நாற்காலியில் மாற்றி மாற்றிச் சுற்றி, சின்னவள் வாந்தி எடுத்தாள். அதையும் அவள்தான் துடைத்தாள். சரி, ஊர் மாறியிருக்கிறது, வேலை மாறவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, அப்பா லிப்ட் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று பெண்கள் அடம்பிடித்ததால் அவன் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தான். அவள் முதலில் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தாள். அங்கே ஓர் ஈ காக்கை இல்லை. ஆம்லெட் போடுகிறவர் பேச்சுத்துணைக்கு ஏங்கிப்போயிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை சார் வீட்டம்மாதானே நீங்க? சாரை லிப்ட்ல பார்த்தேன். இன்னிக்கு இந்நேரத்துக்கே எந்திரிச்சுட்டாரே, அதிசயம்!"

"ஏன் அப்படிக் கூப்பிடுறீங்க?"

"வாரக்கடைசியில இங்க யாரு தங்குறாங்க? சார் ஒருத்தர்தான். மத்தியானம் வரைக்கும் தூக்கம். கதவுல தொந்தரவு செய்யாதீங்கன்னு அட்டை தொங்கும். நான் கடையைக் கட்டுற நேரத்துக்கு வந்து, 'அண்ணே, ஒரு ஆம்லெட்'னு கேப்பாரு. அதுக்காகவே முட்டை எடுத்து வைப்பேன். சாப்பிட்டுட்டுத் திரும்பப் படுத்துருவாரு."

"லிப்ட் வேலைக்குப் போவாரே?"

"சனிக்கிழமை போவாரு. ஞாயித்துக்கிழமை ஏது வேலை?"

அவள் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். "தனியாவா வருவாரு?"

அவருக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. "ஐயோ, தங்கச்சி! சத்தியமா தனியாத்தான். வெறும் தூக்கம்மா."

வேறொரு பெண் இருந்திருந்தால்கூட அழுது, கத்தி, அண்ணனை வரவழைத்துப் பஞ்சாயத்து வைத்திருக்கலாம். தூக்கத்துக்கு என்ன பஞ்சாயத்து வைப்பது? யாரிடம் போய், என் புருஷன் எனக்குத் தெரியாமல் தூங்கிவிட்டார் என்று சொல்வது? ஆனால் நெஞ்சு எரிந்தது. அவன் இங்கே போர்த்திக்கொண்டு கிடந்த அத்தனை ஞாயிறும், அவன் முதுகு என்ன பாடுபடுகிறதோ என்று அவள் அங்கே உருகிக்கொண்டிருந்தாள். அந்தக் களிம்பை நினைத்தபோதுதான் கண் கலங்கியது.

பெண்களோடு அவன் உள்ளே வந்தான். இருவர் கையிலும் ஆளுக்கொரு ரொட்டித்துண்டைக் கொடுத்துப் பக்கத்து மேசையில் உட்கார வைத்தாள்.

"லிப்டை நல்லாப் பூட்டினீங்களா, ஞாயித்துக்கிழமை சார்?"

அவன் ஆம்லெட்காரரைப் பார்த்தான். அவர் கழுவின வாணலியையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார்.

"இங்க பாரு, தப்பா எதுவும் இல்ல…"

"தெரியும். தூங்கினீங்க."

"முதல்ல நிஜமாவே ரெண்டு நாள் வேலைதான். ஒரு தடவை சனிக்கிழமையே முடிஞ்சிருச்சு. சும்மா படுத்தேன். எந்திரிச்சா மத்தியானம். யாரும் எழுப்பல. அவ்ளோ நல்லா இருந்துச்சு. அப்புறம்…"

"அப்புறம் பழகிடுச்சு. பொய் சொல்லிட்டு வந்து தூங்கின இடத்துக்கே எங்களையும் கூட்டிட்டு வந்திருக்கீங்களே, அவ்வளவு தைரியமா?"

"தைரியம் இல்ல. நல்ல இடம்னு எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்."

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அதுவே இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?" என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

"விட்டிருப்பேன். போய்த் தூங்குங்கன்னு நானே பை கட்டிக் கொடுத்திருப்பேன். ஆனா அதுக்கடுத்த வாரம் எனக்கும் வேணும்னு கேட்டிருப்பேன். அதுக்குத்தானே சொல்லல?"

அவன் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்தான், நிமிர்த்தினான். பக்கத்து மேசையில் சின்னவள் "அம்மா, கை பிசுபிசுங்குது" என்று இரண்டு கைகளையும் நீட்டினாள். வழக்கம்போல அவள் பாதி எழுந்துவிட்டாள். பிறகு திரும்ப உட்கார்ந்தாள்.

"அவ கையைத் துடைச்சு விடுங்க. துடைச்சுட்டு ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு நீங்க வீட்டுக்குக் கிளம்புங்க" என்றாள். "எனக்கு ஒரு நாள் வேணுங்க. இங்கயே. தனியா."