வடக்குச் சுவரின் ரொட்டிக் கற்கள்

1

இந்தக் கதை ஓர் அறிவிப்புப் பலகைக்காகத் தொடங்கியது. கனவு, அசரீரி, உள்ளுந்துதல் எதுவும் கிடையாது. அயர்லாந்தின் மேற்கு மூலையில் எங்கள் ஊரில் கில்டோரின் மடம் என்று ஓர் இடிபாடு நிற்கிறது. கூரை இல்லை. சன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் காக்கை. அதைப் பார்க்க வருகிறவர்கள் கார் நிறுத்துவதற்காக வடக்குச் சுவரை ஒட்டிய புல்வெளியில் தார் போடப் போகிறார்கள். பக்கத்தில் ஒரு பலகை வைக்க வேண்டும். மடத்துக் குழுத் தலைவரும் மதுக்கடைக்காரருமான ஃபின்டன் மல்காஹி என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா டிம்ப்னா, ரோடு போட்டவன் மக காலேஜெல்லாம் முடிச்சிட்டு வந்திருக்கே. உன் படிப்பு ஊருக்கு ஒரு தரமாவது உதவட்டுமே. சரித்திரம் கொஞ்சம், அந்த ரொட்டிக் கதை கொஞ்சம். சோகமா இருக்கணும். ஆனா படிச்சு முடிச்சதும் டீ குடிக்கத் தோணணும்."

"டீ உங்க கடையிலயா, ஐயா?"

"ஊர்ல வேற எங்க இருக்கு?"

2

முதல் தொடக்கம்: 'பனி மூடிய மலைச்சரிவில், காலத்தின் மௌன சாட்சியாக…'

(நிறுத்து. அது பனி இல்லை, மாட்டுச் சாணத்து ஆவி. காலம் சாட்சி சொல்லாது. எங்கள் ஊரில் யாருமே சொல்வதில்லை.)

இரண்டாவது: 'பன்னிரண்டாம் நூற்றாண்டில் வெள்ளை அங்கித் துறவிகள் இங்கு வந்து, உழைப்பும் செபமுமாக…'

(செபம் அவர்களுடையது. உழைப்பு எங்கள் வம்சத்துடையது.)

மூன்றாவது: 'ஆங்கிலேயத் தளபதி கிராம்வெல்லின் பீரங்கிகள் இம்மடத்தை…'

(அவன் கால் வைக்காத ஊரிலும் இடிந்த சுவருக்கெல்லாம் அவன்தான் பொறுப்பு. பீரங்கி சுவரை உடைக்கும், சரி. உடைந்த கல்லைப் பொறுக்கிப் பன்றிக்கொட்டில் கட்டுமா? மல்காஹி கடையில் கணப்படுப்புக்கு மேலே கல்லில் செதுக்கிய தேவதூதன் முகம் ஒன்று இருக்கிறது, மூக்கு புகையில் கறுத்துப்போய். கிராம்வெல் சுண்ணாம்பு குழைத்துப் பதித்துவிட்டுப் போனான் போலிருக்கிறது.)

3

ரொட்டிக் கதை இதுதான். பஞ்ச காலத்தில் ஒரு பிச்சைக்காரி வடக்கு வாசலில் வந்து கை நீட்டினாளாம். "ரொட்டி இல்லை, கல்தான் இருக்கிறது" என்றாராம் மடாதிபதி. உடனே சமையலறையில் இருந்த ரொட்டியெல்லாம் வெள்ளைக் கல்லாகிவிட்டதாம். துறவிகள் பயந்துபோய் வடக்குப் பக்கம் வீசி எறிந்தார்களாம். ஆதாரம் வேண்டுமா? இன்றும் அந்தப் புல்லுக்குள் கைக்கடக்கமான வெள்ளைக் கற்கள் கிடக்கின்றன.

அழகான கதை. ஒரே ஒரு குறை: வீசி எறிந்த கல் சிதறிக் கிடக்கும். இவை மூலையில் நிற்கும் முள்மரம் வரை வரிசையாக இருக்கின்றன.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, அடியில் போட மனம் வரவில்லை: ஞானஸ்நானம் பெறாமல் இறந்துபோன பிள்ளைக்கு, சாமியார் மந்திரித்துப் புனிதமாக்கிய கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பொழுது சாய்ந்ததும் தகப்பன் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தனியாக இங்கே வருவான். சாமியார் வரமாட்டார். தாய் வரக் கூடாது. குழி, மண், மேலே ஒரு வெள்ளைக் கல். நான் பிறப்பதற்கு முன்னால் என் அப்பாவும் அப்படி வந்தார், செத்தே பிறந்த என் அக்காவோடு.)

4

மல்காஹியை வில்லனாக்குவதாகத்தான் இருந்தேன். தொப்பை, மோதிரம், ஈரமான சிரிப்பு என்று பாதிப் பக்கம் எழுதியும் விட்டேன். போட்டோ எடுத்த நாள் அதைக் கெடுத்தது.

வேலை தொடங்கும் முன் குழுவினர் வடக்குப் புல்வெளியில் நின்று படம் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. கேமரா என் கையில். டப்ளினிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த இளம் சாமியார் நேராக நடுவில் போய் நின்று, "வாங்களேன்" என்றார். ஒருவரும் நகரவில்லை. அத்தனை பேரும் தங்கள் செருப்பையே பார்த்தார்கள்.

"புல்லு ஈரம், சாமி," என்றார் மல்காஹி.

அயர்லாந்தின் சரித்திரத்தில் மழையே இல்லாத ஒரு வாரம் அது.

"ரொட்டிதானேய்யா, போய் நில்லுங்க," என்றேன்.

என்னைச் சுவரோரம் இழுத்துக்கொண்டு போனார். "வாய மூடு, டிம்ப்னா. எங்க வீட்டுதும் ரெண்டு அங்க இருக்கு."

"அப்புறம் எதுக்குத் தார்?"

"தார் போட்டுட்டா, மிதிக்கறவன் தாரைத்தானே மிதிப்பான்?"

கேலி செய்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. பாதிப் பக்கத்தைக் கிழித்துப்போட்டேன். (தொப்பையை வைத்துக்கொண்டேன். அது உண்மை.)

5

பலகையில் உள்ளதை உள்ளபடி எழுதப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"எழுதாதடி. பூசைக்குப் போனா ஊரே என்னைத் திரும்பிப் பாக்கும்."

"எல்லா வீட்டுலயும்தாம்மா இருக்கு."

"அதனாலதான் யாரும் சொல்லல. உங்கிட்ட மட்டும் என்ன, புதுசா வாய் முளைச்சிருக்கா?"

"காசு கட்டிப் படிக்க வெச்சது நீதானே?"

"வேலைக்குப் போவேன்னு படிக்க வெச்சேன்."

கத்தினேன். மடத்தை, சாமியார்களை, செத்துப்போன அப்பாவைக்கூடத் திட்டினேன். அவள் கத்தவில்லை. தோலையெல்லாம் ஒன்றாக ஒதுக்கினாள்.

"உங்கப்பா ரோடு போட்டவர். தாருக்குக் கீழ புல்லுகூட வராதும்பார்." தோலை வாளியில் கொட்டிவிட்டு, "எந்தக் கல்லுன்னு அவர் சொல்லவே இல்ல. நானும் கேக்கல. முள்மரத்துப் பக்கமா இருக்கும்னு ஒரு நெனப்பு. அங்கயும் தார் வருமா?"

"அங்கதாம்மா ஆரம்பிக்கறாங்க."

6

முடிவுகள், எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்:

அ) ரொட்டி என்றே எழுதுகிறேன். நீங்கள் கலங்குகிறீர்கள். டீ குடிக்கிறீர்கள். மல்காஹி மகிழ்கிறார்.

ஆ) உண்மையை எழுதுகிறேன். தார் நிற்கிறது. அம்மா என்னோடு பேசுவதும் நிற்கிறது.

இ) இளம் சாமியார் நிலத்தை மந்திரிக்கிறார், ஊரே அழுகிறது, மேகத்தைப் பிளந்துகொண்டு வெயில்… (இதை எழுதிய கைக்கு ஓர் அடி கொடுத்தேன்.)

ஈ) நாளைக் காலை தார் வண்டி வருகிறது. அதற்கு முன்பு அம்மா

இந்த வாக்கியத்தை முடிக்கும் முன் மாடிப்படியில் சத்தம். தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். அம்மா பூசைக்குப் போடும் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு என் அறை வாசலில் நிற்கிறாள். பட்டப்பகல். சந்தை நாள். தெரு முழுக்க ஆள்.

"எழுதினது போதும், எந்திரி. முள்மரத்துக்குத் தெரு வழியாவே போலாம்."

"எல்லாரும் பாப்பாங்கம்மா."

"பாக்கட்டும். என் கூட வரியா, இல்ல தனியாப் போகட்டுமா?"

பேனாவை வைக்க வேண்டியிருக்கிறது. மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், பலகையையும் சேர்த்து. ரொட்டி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.