எழுபத்திரண்டாம் வருடத்து ஒயின்

பெரிய கண்ணாடிக் குடுவைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள் ஓர்னெல்லா. நிலவறைக்கு நேர் மேலே, முன்னறையில், அவளுடைய அப்பா கௌதென்சியோ பெட்டிக்குள் படுத்திருந்தார். பதினொரு மணிக்குப் பாதிரியார் வந்துவிடுவார். பெட்டி தூக்குகிற ஆறு பேருக்கும், இறந்தவரின் சொந்த ஒயினில் ஆளுக்கொரு கிளாஸ் முற்றத்தில் நின்றபடியே கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் அந்த ஊரில் யாரையும் அடக்கம் செய்ததில்லை.

"கெடச்சுதா?" என்று படிக்கட்டின் மேலிருந்து அண்ணன் எசியோ கத்தினான். "என் வருஷத்தையே எடுத்துட்டு வா!"

"உன் வருஷத்தை உன் கல்யாணத்துலயும், நீ சீட்டுல ஜெயிச்ச ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் குடிச்சுத் தீத்தாச்சு."

"அப்போ உன் வருஷத்தைக் கொண்டா. வினிகராத்தான் இருக்கும், சாலட்ல ஊத்திக்கலாம்!"

இந்தக் கிண்டலுக்கு ஐம்பது வயதாகிறது. பிள்ளை பிறந்தால் அந்த வருட ஒயினில் பன்னிரண்டு பாட்டில் ஒதுக்கி வைப்பது அந்த இத்தாலிய மலைச்சரிவுகளில் வழக்கம். எசியோ பிறந்த எழுபத்தொன்றில் நெபியோலோ திராட்சை பழுத்த விதத்தைப் பற்றி ஊர் இன்னும் பேசுகிறது. அடுத்த அக்டோபரில் ஓர்னெல்லா பிறந்தாள். கூடவே மழையும் வந்தது. பழம் கொடியிலேயே அழுகியது. அந்த வருட ஒயினுக்குப் பரோலோ என்று அந்த ஊர் உயர்ரக ஒயினின் பெயரைப் போடக்கூட யாருக்கும் முகம் இல்லை. பீப்பாய் பீப்பாயாக மலிவு ஒயினில் கலந்து தள்ளிவிட்டார்கள்.

"உனக்கு எடுத்து வைக்க என்ன இருந்துச்சு, தண்ணிதான்" என்பார் அப்பா, சிரித்துக்கொண்டே. அவளும் சிரித்து வைப்பாள். ஆனால் தண்ணீரையாவது ஒரு பாட்டிலில் பிடித்து வைக்கத் தோன்றவில்லையா இந்த மனுஷனுக்கு என்ற ஆற்றாமை, தூரின் நகரத்துக்குக் குடிபோன பிறகும் அவளை விடவில்லை. பிறந்தநாளுக்கு போன் செய்வார். "அங்கே மழையா?" என்பார். இல்லை என்பாள். சரி என்று வைத்துவிடுவார்.

கையில் கண்ணாடி தட்டுப்பட்டது.

மணலில் படுக்கவைத்த மூன்று பாட்டில்கள். லேபிள் இல்லை. கழுத்தில் வெள்ளைப் பெயின்ட்டில் 72 என்று அப்பாவின் கோணல் கையெழுத்து.

ஒன்றை எடுத்து பல்பு வெளிச்சத்தில் பிடித்தாள். டிகாஷன் நிறம். ஐம்பது வருடத் தக்கை கறுத்து இற்றுப்போயிருக்க வேண்டும். இதுவோ வெளுப்பாக, கெட்டியாக இருந்தது. ஒயினும் நகத்தளவுதான் இறங்கியிருந்தது. அது எப்படி முடியும்? மேலே சாவு வீடு என்பதே ஒரு நிமிடம் மறந்துபோய், மணலை இன்னும் தோண்டினாள். ஒரு ஜாம் பாட்டில் வந்தது. உள்ளே பழைய தக்கைகள். ஒவ்வொன்றிலும் பென்சிலில் தேதி: 14 அக்டோபர் 1987. 1997. 2007. 2017. எல்லாம் அவள் பிறந்தநாள்.

"கண்டுபிடிச்சுட்டியா?"

கிளாஸ் தட்டோடு செலஸ்டா அத்தை இறங்கி வந்தாள். பக்கத்துத் தோட்டக்காரி, நாற்பது வருடம் அப்பாவோடு வரப்புக்காகச் சண்டை போட்டவள்.

"இது என்ன அத்தை?"

"உன் வருஷம்தான். பத்து வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாத்தையும் தொறப்போம். உங்கப்பன் ஒரு பாட்டிலைப் பலி குடுத்து, மத்தது குறைஞ்ச அளவை அதால நெரப்பிப் புதுத் தக்கை அடிப்பான். புனல் பிடிக்கிறது நான். பன்னெண்டுல அஞ்சு கெட்டுப்போச்சு, நாலு இப்படிப் போச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"கெட்ட வருஷம்டி. என்னைக்குச் சாகும்னு சொல்ல முடியாது. உன் கையில குடுத்த அன்னைக்கு வினிகரா இருந்தா, உங்கண்ணன் வாயை யார் மூடறது? தொறந்ததும் மோந்து பார்ப்பான். 'இன்னும் உயிரோட இருக்கு'ம்பான். அப்படியே மேல ஓடிப் போய் உனக்கு போன் பண்ணுவான்." செலஸ்டா மூக்கை உறிஞ்சினாள். "அடுத்தது இருபத்தேழுல. அதுவரைக்கும் இருப்போம்னு நெனச்சுட்டான், முட்டாப்பய."

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஓர்னெல்லாவால் அங்கிருந்து நகர முடியவில்லை. தக்கையை உருவி, தட்டிலிருந்த ஒரு கிளாஸில் கொஞ்சம் ஊற்றினாள்.

முதலில் ஈர மண் வாசம். கொஞ்சம் பொறுத்ததும் காய்ந்த ரோஜா. பிறகு ஆரஞ்சுத் தோல் போல ஏதோ. வாயில் மெலிசாகத்தான் இருந்தது, ஓரத்தில் புளிப்பு. விழுங்கிய பிறகும் நாக்கை விட்டுப் போகவில்லை.

எசியோ தடதடவென்று இறங்கி வந்தான். "பாதிரியார் கார் வந்தாச்சு, இங்க என்ன பண்ணிட்டிருக்கீங்க?" கிளாஸைப் பிடுங்கி ஒரு வாய் குடித்தான். பாட்டில் கழுத்தைப் பார்த்தான். இன்னொரு வாய் குடித்தான்.

"புனலைப் பிடி" என்றாள் ஓர்னெல்லா.

"பாதிரியார்..."

"நிக்கட்டும்."

மற்ற இரண்டையும் திறந்து, மோந்து பார்த்து, திறந்த பாட்டிலிலிருந்து விளிம்பு வரை நிரப்பினாள். எசியோ புனலை அசையாமல் பிடித்திருந்தான். ஆணியில் தொங்கிய பையில் புதுத் தக்கைகள் தயாராக இருந்தன. செலஸ்டா சொல்லச் சொல்ல அடித்து இறக்கினாள். மிச்சத்தை ஆறு கிளாஸில் ஊற்றியபோது ஆளுக்கு அரை கிளாஸ்தான் வந்தது.

அப்பாவின் பென்சிலால் பழைய தக்கைகளில் அன்றைய தேதியை எழுதி ஜாம் பாட்டிலில் போட்டாள். மூடியைத் திருகினாள்.

"வெளியில மழையா?" என்று கேட்டாள்.

"இல்லையே" என்றான் எசியோ.

"சரி" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு படியேறினாள்.