பெயர் வாசித்து முடியும்வரை

1

இந்தக் கதை எனக்குப் பாதிதான் கிடைத்தது. ஈப்போவில், புந்தோங் பக்கம் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் இருந்த பெண் தன் தோழியிடம், "எங்கப்பா கடைசி வரைக்கும் உக்காரவே இல்ல லா. சந்தோசத்துல நிக்கிறாருன்னு எல்லாரும் நெனச்சிட்டாங்க" என்றாள். பாயசம் வந்தது. பேச்சு அதன் பக்கம் போய்விட்டது. முன்பின் தெரியாதவளிடம் மீதியை எப்படிக் கேட்பது? ஆகவே மீதியை நான் கட்டுகிறேன். யாரும் சத்தியம் கேட்க வேண்டாம்.

2

முதல் வரி: 1983. ஈப்போ மலைகளின் மேல் வெண்பனி மெல்ல

வேண்டாம். பனியைப் பார்க்க நேரம் இருந்தவர்கள் இந்தக் கதையில் இல்லை.

இன்னொன்று: ஏழையாய்ப் பிறந்தாலும் இருளாயி அறிவில்

இதுவும் வேண்டாம். இப்படி எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பரிசு வாங்குகிற தோட்டத்துப் பிள்ளையைத் தூக்கிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, மற்றப் பிள்ளைகளையெல்லாம் மிதிப்பார்கள்.

நேராகவே சொல்கிறேன். ஈப்போவில் ஓர் இன்டர்நேஷனல் இடைநிலைப்பள்ளி. ஈயச் சுரங்க இன்ஜினியர்களின் பிள்ளைகள் படிக்கும் இடம். கோலா கங்சார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து இருளாயியும் அங்கே படித்தாள். பள்ளிச் சம்பளம் கட்டியது தோட்டத்துக் கம்பெனி. அதற்குக் கையெழுத்துப் போட்டவர் தோட்டத்துத் தொரை. வெள்ளைக்காரர் போய் வருடங்கள் ஆகிவிட்டன, இவர் உள்ளூர்க்காரர்தான். நாற்காலி மட்டும் அதே நாற்காலி.

அந்த வருடம் கணிதத்துக்கான முதல் பரிசு இருளாயிக்கு. பரிசளிப்பு விழாவில் பரிசு கொடுக்க வருபவர் அதே தொரை.

3

ஹில்டா டீச்சரை எப்படி எழுதுவது என்பதில் எனக்குக் குழப்பம். பள்ளியில் மாணவர் நலனுக்குப் பொறுப்பு அவர். தைப்பிங் ஊர்க்காரர். இருளாயிக்குக் காலுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தவர், மாலையில் உட்கார வைத்து ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவர். முதல் பிரதியில் அவரைப் பசப்புக்காரியாக எழுதினேன். உதவி செய்கிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். பிறகு அந்த வரிகளை அடித்துவிட்டேன். அந்த அம்மாள் உண்மையிலேயே நல்லவர். அதுதான் சிக்கல், கோபத்தை வைக்க இடம் கிடைக்கவில்லை.

பரிசு வாங்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு முதல் வரிசையில் நாற்காலி போட்டுப் பெயர் ஒட்ட வைத்தவரும் அவர்தான். இருளாயிக்கு அந்த நாற்காலிதான் பரிசு. மேடையில் கொடுக்கும் பரிசுக் கிண்ணத்தைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. தொரைக்கு நேர் எதிரே, காலை நீட்டி, அப்பா உட்கார வேண்டும். அதைப் பார்க்க வேண்டும். ஒரு மாதமாக அவள் மனத்தில் ஓடியது அது ஒன்றே.

4

அப்பா ஐயாவு உட்காரவில்லை.

அம்மா வீரம்மா வந்ததும் உட்கார்ந்துவிட்டாள். "எனக்குக் காலு கடுக்குது. தொரைக்குப் பொறுக்கலன்னா வந்து அமுக்கி விடட்டும்."

ஹில்டா டீச்சர் ஓடி வந்தார். "அண்ணே, உக்காருங்க லா. உங்க பேருதான் ஒட்டியிருக்கு, பாருங்க."

"இருக்கட்டும் டீச்சரம்மா. தொரை நிக்கிறாரு."

"அவரு மேடையில நிக்கிறாரு. நீங்க கீழ."

"தொரை எங்க நின்னாலும் தொரதான். பேரு வாசிச்சு முடியட்டும், உக்காந்துக்கிறேன்."

(விடியலில் வேலைக்குப் பேர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். பேர் வாசித்து முடியும்வரை யாரும் உட்காரக்கூடாது. மேடையில் தொரை, மைக்கில் ஒவ்வொரு பேராக வாசிக்கிறார்கள். ஐயாவுவுக்கு இது பெரட்டு. உங்களுக்குத்தான் விழா.)

மேடையில் பரிசுக்காரர்களோடு நின்ற இருளாயி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பேர் வந்தது. கிண்ணத்தை வாங்கினாள். அப்போது தலைமையாசிரியர் ஐயாவுவைக் காட்டி ஆங்கிலத்தில், "பாருங்கள், பெருமை தாங்காமல் எழுந்து நிற்கும் ஒரு தகப்பன்!" என்றார். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.

ஐயாவு மனைவி பக்கம் குனிந்தார். "பாத்தியா? இத்தன பேருக்குத் தெரிஞ்சிருக்கு. ஒனக்குத்தான் தெரியல."

கைதட்டல் ஓய்ந்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"மரியாத தெரியாததுங்க" என்றார் ஐயாவு. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

5

இனி இருளாயி நன்றி சொல்ல வேண்டும். பாடப் பரிசுகள் முடிந்தன; விளையாட்டுப் பரிசுகளுக்கு இன்னும் பேர் வாசிக்க வேண்டும். நடுவில் மைக் அவளுக்கு.

ஒரு முடிவு: "அப்பா, உக்காருங்க" என்கிறாள். அவர் சட்டென்று உட்காருகிறார்.

எழுதிப் பார்த்தேன், கசந்தது. மேடையிலிருந்து ஓர் உத்தரவு வந்தது, உடம்பு கேட்டது. அவ்வளவுதான். பெற்ற மகளும் தொரையாகிவிட்டாள்.

இன்னொரு முடிவு: "இது பெருமை இல்லை, பயம்" என்று ஆங்கிலத்தில் எல்லோருக்கும் சொல்கிறாள். தொரையின் முகம் கறுக்கிறது. எனக்குப் பிடித்த முடிவு இது. எழுதும்போது கை பரபரத்தது. ஆனால் மறுநாள் பெரட்டில் நிற்கப்போவது நானல்ல. என் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். மேசை முன்னால் உட்கார்ந்து கோபப்படுகிறேன். ஐயாவுவுக்குத்தான் தண்டனையாக, ஏறி இறங்கிப் பால் வெட்டச் சொல்லி மேட்டுக்காட்டு மரங்களைக் கொடுப்பார்கள்.

மூன்றாவது: மேடையை விட்டு இறங்கிப் போய் அப்பா பக்கத்தில் அவளும் நிற்கிறாள். அழகான முடிவு. அதற்கும் கைதட்டுவார்கள். கிழித்துப் போட்டேன்.

நான்காவது: தொரைக்கும் பள்ளிக்கும் நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறாள். அநேகமாக நடந்தது இதுதான். எழுத எனக்கு மனம் வரவில்லை.

6

ஆகவே இருளாயி இன்னும் மைக் முன்னால் நிற்கிறாள். மண்டபம் அமைதியாக இருக்கிறது. பெயர் ஒட்டிய நாற்காலி காலியாக இருக்கிறது. "பேசு புள்ள" என்று வீரம்மா வாயசைக்கிறாள்.

முதல் சொல் 'அப்பா' என்பது வரை எனக்குத் தெரியும். அடுத்த சொல்லை நீங்கள் எடுத்துக் கொடுங்கள். அவசரம் இல்லை, யோசித்தே கொடுங்கள்.

ஒன்று மட்டும். எதைக் கொடுத்தாலும் ஐயாவு அதை நின்றுகொண்டுதான் கேட்பார்.